பேத்தை: அடுப்படிக்குள் வரக்கூடாத மீன்



கரையோர ஊர்களில் பயான் முடியும் நேரத்தில் பெண்கள் பகுதியிலிருந்து கேள்விச் சீட்டுகள் வரும். அவற்றில் அவ்வப்போது தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. “பேத்தை மீன் ஹலாலா, ஹராமா?” என்பதே அது. கேள்வி சிறியது. ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடலாம். ஆனால் அந்த ஒரு சொல் சரியாக விளங்கப்படாவிட்டால் ஒரு குடும்பமே ஒரு பகல் சோற்றோடு முடிந்துபோகக் கூடும். ஆகவே மார்க்கச் சட்டத்துக்குப் போகுமுன் அந்த மீன் எது, அது எங்கே வாழ்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வோம். பொருளை அறியாமல் அதன் சட்டத்தைப் பேசுவது நமது இமாம்களின் வழக்கமல்ல.

மீன் விடயத்தில் நமது வீடுகளில் ஒரு தாராளம் இருக்கிறது. கோழி என்றால் யார் அறுத்தது என்று கேட்கிறோம். மாட்டிறைச்சி என்றால் எந்தக் கடை என்று விசாரிக்கிறோம். மீனுக்கு இந்தக் கேள்விகள் கிடையா. அது சரியான தாராளம்தான். கடலில் வேட்டையாடப்படுவதும் கடலின் உணவும் இஹ்ராம் கட்டியிருப்பவருக்கும் ஆகுமானவை என்று ஸூரத்துல் மாஇதா அறிவிக்கிறது. ஆனால் “மீன்தானே, ஹலால்தானே” என்ற எண்ணம் நாளடைவில் “மீன்தானே, ஒன்றும் செய்யாது” என்ற எண்ணமாக மாறிவிடுகிறது. பேத்தை நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

கரையில் பிறந்து வளர்ந்த உம்மம்மாமாருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கரைவலை இழுக்கும்போது அகப்படும் பேத்தையை மீனவர் காலால் தட்டி ஒதுக்கிவிடுவதைச் சிறு வயதிலேயே கண்டவர்கள் அவர்கள். ஆனால் கண்டியிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் கரையோரத்துக்கு மருமகளாக வந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? 1990ஆம் ஆண்டு மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளியேற்றப்பட்ட குடும்பங்களில், கடலைக் காணாத இடங்களில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அவர்களுக்கு யார் சொல்வது? கொழும்பில் பொலித்தீன் பையில் துண்டு மீன் வாங்குபவருக்கோ முழு மீனின் முகமே தெரியாது. எனவே இந்தப் பாடத்தை எழுத்தில் வைப்பது அவசியம்.

கையில் எடுத்துப் பாருங்கள்

தமிழில் நாம் பேத்தை என்கிறோம், சிலர் பேத்தா என்பர். சிங்களச் சகோதரர்களும் ஏறத்தாழ இதே சொல்லில் பேத்தயா என்றே அழைக்கிறார்கள்.

முதல் அடையாளம் தோல். பேத்தைக்கு மற்ற மீன்களைப் போன்ற செதில் கிடையாது. வயிற்றுப் பக்கத்தைத் தடவினால் மணற்கடதாசியைத் தடவுவதுபோல் சொரசொரக்கும். தோலில் புதைந்திருக்கும் சின்னஞ்சிறு முட்களே காரணம். சில இனங்களில் இந்த முட்கள் குறைவு. அவற்றின் தோல் வழுவழுப்பாகவும் இருக்கும். ஆகவே தோலை மட்டும் நம்பிவிடக் கூடாது.

வாயைத் திறந்து பாருங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கே பற்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கிளியின் அலகுபோல் நிற்கும். மேல் அலகின் நடுவில் ஒரு கோடு, கீழ் அலகின் நடுவில் ஒரு கோடு. விஞ்ஞானிகள் இந்தக் குடும்பத்துக்குச் சூட்டிய கிரேக்கப் பெயரின் பொருளும் ‘நாற்பல்’ என்பதுதான். கிளி மீனுக்கும் இப்படி ஓர் அலகு உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் கிளி மீனின் உடம்பெங்கும் பெரிய பெரிய செதில்கள் இருக்கும். செதில் இல்லாமல் அலகு இருந்தால் கையைக் கழுவிவிட்டு யோசியுங்கள்.

அடுத்தது செவுள். மீன் புதியதா, பழுதானதா என்று பார்க்கச் செவுள் மூடியைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பது நமது பெண்களின் பழக்கம். பேத்தையில் தூக்குவதற்கு மூடியே அகப்படாது. பக்கச் செட்டைக்கு முன்னால் கத்தியால் கீறியதுபோல் ஒரு சிறு துவாரம் மட்டும் இருக்கும். வயிற்றின் கீழ் மற்ற மீன்களுக்கு இருக்கும் சோடிச் செட்டை இதற்கு இல்லை. முதுகில் ஒரே ஒரு சிறிய செட்டை, அதுவும் வாலுக்குக் கிட்டத் தள்ளி நிற்கும். உள்ளே விலா எலும்புகளும் கிடையாது. ஆபத்து வந்ததும் தண்ணீரை மளமளவென்று விழுங்கிப் பந்துபோல் ஊதிக்கொள்ள அல்லாஹ் அதற்கு இப்படி இடம் வைத்திருக்கிறான். கரைக்கு வந்துவிட்டால் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை விழுங்கி ஊதும். செத்த பேத்தை ஊதாது. சந்தையில் அது சாதாரண மீனைப்போல் படுத்துக் கிடக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

அரபியில் இந்த இனத்து மீனுக்கு ஃபஹ்கா என்று ஒரு பெயர் உண்டு. நைல் நதியில் வாழும் பேத்தை அந்தப் பெயராலேயே விஞ்ஞான நூல்களிலும் இடம்பெற்றிருக்கிறது. ஃபா, ஹா, காஃப் என்ற அதன் மூல எழுத்துகளுக்கு ‘நிரம்பி வழிதல்’ என்பது கருத்து. வாயை நிரப்பிப் பெருமையடித்துப் பேசுபவர்களை முதஃபைஹிகூன் என்று றஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் கண்டித்ததாகத் திர்மிதியில் வரும் ஹதீஸை ஓதியவர்களுக்கு அந்த மூன்று எழுத்துகள் பழக்கமானவை. மொழி ஆசிரியன் என்பதால் இதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை. எகிப்தின் மீனவர்களோ, முன்பற்களைப் பார்த்து இதன் ஒரு வகைக்கு அர்னப், அதாவது முயல், என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எங்கே வாழ்கிறது?

பேத்தையில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை சூடான கடல்களில் வாழ்பவை. நமக்கு வேண்டியது நூறு பெயர்களல்ல, மூன்று வாழிடங்கள்.

முதலாவது முருகைக்கற் பார். பாசிக்குடா, திருகோணமலையின் புறாத்தீவு, கற்பிட்டியின் பெரும் பார், ஹிக்கடுவை போன்ற இடங்களில் முருகைக்கற்களின் இடுக்குகளிலும் அவற்றை அடுத்த மணல் தரையிலும் கொழுத்த உடம்பும் நாய்க்குட்டி போன்ற முகமும் கொண்ட பேத்தைகள் மெதுவாக நீந்தித் திரியும். வேகமாக ஓடத் தெரியாதவை. தனியாகவே திரிவன. இவற்றில் ஒன்று வெண்புள்ளிப் பேத்தை. முதுகு பசுமை கலந்த மண்ணிறம், அதில் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றில் வெள்ளைக் கோடுகள், பக்கச் செட்டையின் அடியில் கறுப்பும் வெளிர் நிறமுமான வளையங்கள். ஏறத்தாழ அரை மீற்றர் வரை வளரும். இது நமது கடலுக்கு மட்டும் உரியதல்ல. செங்கடலிலிருந்து பசிபிக் சமுத்திரத்தின் மறுகரை வரை பரவியிருக்கிறது. ஜித்தாக் கரையின் முருகைக்கற்களிலும் இதே மீன்தான் திரிகிறது. உடம்பெங்கும் கரும்புள்ளிகள் தூவியதுபோன்ற இன்னொரு பெரிய இனம் ஒரு மீற்றரைத் தாண்டியும் வளரும். நண்டு, சிப்பி, சங்கு, கடல்முள்ளி, முருகைக்கல்லின் நுனி ஆகியன இவற்றின் உணவு. அந்த அலகு இதற்காகத்தான்.

இரண்டாவது களப்பும் கண்டற் காடும். வெண்புள்ளிப் பேத்தையின் குஞ்சுகள் கடற்புல்லும் பாசியும் அடர்ந்த கலங்கல் தண்ணீரில் வளர்ந்து, பிறகே பாருக்குப் போகின்றன. இது தவிரக் களப்பிலும் ஆற்று முகத்துவாரத்திலும் நிரந்தரமாகத் தங்கும் இனங்களும் இருக்கின்றன. முதுகில் பால் தெளித்ததுபோன்ற புள்ளிகளும் அடிப்பக்கத்தில் மஞ்சள் பட்டையும் கொண்ட ஒரு சிறிய பேத்தை அவற்றுள் ஒன்று. பிள்ளைகள் தூண்டில் போட்டு இதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். “வாவி மீன்தானே” என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, பாரையும் கரையையும் தாண்டிய திறந்த கடல். இங்கே வாழும் பேத்தைகளைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமானவை என்று சொல்வேன். பார்வைக்கு அவை நல்ல மீன்கள். நீண்ட உடம்பு, பளபளக்கும் வெள்ளிப் பக்கங்கள், வெண்மையான வயிறு, பசுமை கலந்த முதுகு. பார்ப் பேத்தையைக் கண்டால் அதன் உருவமே நம்மை விலக்கும். வெள்ளிப் பேத்தையோ நம்மை அழைக்கும். மற்ற மீன்களோடு வலையில் சேர்ந்து வந்துவிடும். இதில் ஒரு வகையின் சதையே கடும் நஞ்சு. ஈரலையும் சினையையும் எடுத்துவிட்டால் போதும் என்ற கணக்கு இதனிடம் செல்லாது.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒரு நல்ல மீனும் இருக்கிறது. கிளாத்தி. அதற்கும் செதில்மூடிய வழக்கமான தோலில்லை, தடித்த தோல்தான். ஆனால் அதன் உடம்பு பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். முதுகின் முன்பகுதியில் ஒரு பலமான முள் எழும்பி நிற்கும். கிளாத்தியைத் தோலுரித்துத்தான் ஆக்குவார்கள், பலர் விரும்பிச் சாப்பிடும் மீன் அது. ஆபத்து என்னவென்றால், தலையை வெட்டித் தோலையும் உரித்துவிட்டால் கிளாத்தி எது, பேத்தை எது என்று அனுபவசாலிக்கும் சொல்வது கடினம். ஆகவே தோலுரித்த மீனை அறிமுகமில்லாதவரிடம் வாங்காதீர்கள். உரிக்கு முன் முழு மீனாகக் காட்டச் சொல்லுங்கள். நீண்ட முட்களால் உடம்பெல்லாம் குத்திட்டு நிற்கும் முட்பேத்தை இவற்றின் உறவுக்காரன். அதற்கு மேல் அலகும் கீழ் அலகும் நடுக்கோடின்றி ஒரே தட்டாக இருக்கும். அதையும் தவிர்ப்பதே பாதுகாப்பு.

நஞ்சின் வேலை

இந்த நஞ்சுக்கு டெட்ரோடோடொக்சின் என்று 1909இல் ஜப்பானிய விஞ்ஞானி தஹாரா பெயரிட்டார். ஈரல், சினை, குடல், தோல் ஆகியவற்றில் இது மிகுதி. நமது வீடுகளில் மீனின் சினையையும் ஈரலையும் ‘பிள்ளைக்கு’ என்று ஒதுக்கிவைப்பதை நினைத்துப் பாருங்கள். தாயின் அன்பு எந்தப் பகுதியை எடுத்து வைக்கிறதோ, அதே பகுதியில் அதிக நஞ்சு. முட்டையிடும் காலத்தில் பெண் மீனின் சினையில் இது இன்னும் கூடும். வளர்ந்த ஒரு மனிதரைக் கொல்ல ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் போதும்.

சமைத்தால் போய்விடாதா? போகாது. இது கிருமியல்ல, கொதிக்கும் ஆணத்திலும் எண்ணெய்ப் பொரியலிலும் அழியாத இரசாயனம். புளி விட்டாலும், மஞ்சள் உப்புப் போட்டுக் கழுவினாலும், வெயிலில் காயவைத்துக் கருவாடாக்கினாலும் அப்படியே இருக்கும். நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கு ருசியில் வித்தியாசமும் இல்லை.

சாப்பிட்டுப் பெரும்பாலும் பத்து நிமிடத்திலிருந்து முக்கால் மணித்தியாலத்துக்குள் உதடும் நாக்கும் விறுவிறுத்து மரத்துப்போகும். சிலருக்குச் சில மணித்தியாலங்கள் பிந்தியும் தொடங்கும். பிறகு முகமும் விரல்களும் மரக்கும். வாந்தி, தலைச்சுற்று, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் என்று வளர்ந்து, கைகால்கள் அசையாமல் போய்விடும். கடைசியில் மூச்சு விடுவதற்கான தசைகள் நின்றுவிடும். நஞ்சு நரம்புகளின் செய்தியைத் தடுக்கிறது, ஆனால் அறிவைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவே அசையாமல் கிடப்பவர் சுற்றியிருப்போர் அழுவதைக் கேட்டுக்கொண்டே கிடக்கக் கூடும். “மையித்தாகிவிட்டார்” என்று வீட்டார் தாமாக முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

பங்களாதேஷில் 2008ஆம் ஆண்டு ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் பேத்தை மீன் சாப்பிட்டு 141 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 17 பேர் மரணமானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர்கள் சாகசத்துக்காக மீன் தின்றவர்களல்லர். சந்தையில் கிடைத்ததை வாங்கி ஆக்கிய சாதாரணக் குடும்பங்கள். மலேசியாவின் ஜொகூரில் 2023 மார்ச்சில் எண்பது வயதைக் கடந்த ஒரு தம்பதியர், வாங்கிவந்த பேத்தையைச் சமைத்துச் சாப்பிட்டு இருவருமே உயிரிழந்தார்கள்.

இது புதிய செய்தியுமல்ல. 1774 செப்டெம்பரில் நியூ கலிடோனியாத் தீவில் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்குக்காகத் தீவுவாசிகளிடம் ஒரு மீன் வாங்கப்பட்டது. அவரும் கப்பலிலிருந்த இரு இயற்கை ஆய்வாளர்களும் அதன் ஈரலையும் சினையையும் ருசி பார்க்கும் அளவுக்குத்தான் தின்றார்கள். விடியற்புறம் உடம்பு மரத்து, கையிலிருக்கும் பொருள் கனமா இலேசா என்றே தெரியாத நிலையில் விழித்தார்கள். குடலைத் தின்ற பன்றி செத்துக் கிடந்தது. காலையில் கப்பலுக்கு வந்த தீவுவாசிகள் தொங்கிய மீனைக் கண்டதும், தின்னக் கூடாது என்று சைகை காட்டினார்களாம். கரையில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தது, கப்பலில் உள்ளவர்களுக்குத் தெரியவில்லை.

“எங்கள் ஆட்கள் தின்றார்களே!”

இதை வாசிக்கும் சிலர், “எங்கள் ஊரில் சிலர் பக்குவமாகச் சுத்தம் செய்து சாப்பிடுகிறார்களே, ஒன்றும் நடக்கவில்லையே” என்று சொல்லக் கூடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த நஞ்சை மீன் தானாக உண்டாக்குவதில்லை. கடலிலுள்ள சில பக்டீரியாக்கள் உண்டாக்கும் நஞ்சு, பேத்தை தின்னும் இரைகளின் வழியாக அதன் உடம்பில் சேருகிறது. நஞ்சில்லாத தீனி போட்டு அடைப்புக்குள் வளர்த்த பேத்தையில் நஞ்சு இல்லாமல் போவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒரே இனத்தில், ஒரே வலையில் வந்த இரண்டு மீன்களில் ஒன்று ஒன்றும் செய்யாமலும் மற்றது ஆளைக் கொல்வதாகவும் இருக்க இடமுண்டு. பத்து முறை தப்பியவரின் அனுபவம் பதினோராவது மீனைப் பற்றி எதையும் சொல்லாது.

ஜப்பானில் இதை ஃபுகு என்ற பெயரில் பெரும் விலைக்கு உண்கிறார்கள் என்பதையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே அதை வெட்டுவதற்குத் தனிப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். அப்படியிருந்தும் 1975இல் பாண்டோ மிட்சுகோரோ என்ற புகழ்பெற்ற நாடக நடிகர் கியோத்தோ நகர உணவகமொன்றில் அதன் ஈரலை விரும்பிக் கேட்டுச் சாப்பிட்டு இறந்துபோனார். ஈரலைப் பரிமாறுவதை அந்நாட்டு அரசாங்கம் 1983இல் தடை செய்தது. இன்றும் அங்கே நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை, தாமே மீன் பிடித்து வீட்டில் வெட்டியவர்களுக்கு நடப்பவை. அனுமதிப்பத்திரம் பெற்றவன் கத்தியை நம் வீட்டு அருவாமனையோடு ஒப்பிடுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

மார்க்கம் என்ன சொல்கிறது?

இனிக் கேள்விச் சீட்டுக்கு வருவோம். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் மீன்கள் அறுக்கப்படாமலே ஆகுமானவை. ஹனபி மத்ஹபைச் சேர்ந்த மேமன் சகோதரர்களுக்கும் மீன் ஆகுமானதே. ஆகவே பேத்தை, ‘மீன்’ என்ற வகையில் பன்றியைப் போன்றதோ, செத்த ஆட்டைப் போன்றதோ அல்ல. அதைத் தொட்டால் கை நஜீஸாகாது. அது பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டியதுமில்லை. சிலர் இப்படியும் பயந்து கேட்கிறார்கள், அந்தப் பயம் தேவையற்றது.

ஆனால் உணவு விலக்கப்படுவதற்கு அசுத்தம் மட்டும் காரணமல்ல. தீங்கும் ஒரு காரணம். நஞ்சு, கண்ணாடி, கல் போன்று உடம்புக்குக் கேடு செய்பவற்றை உண்பது ஹராம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் போன்ற நமது மத்ஹபின் பெரியார்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். தன்னைத் தானே அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற ஸூரத்துல் பகராவின் கட்டளையும் இருக்கிறது. ஆகவே நஞ்சுள்ள பேத்தையை உண்பது கூடாது. நஞ்சு உண்டா இல்லையா என்று கண்டுபிடிக்க நம் வீட்டில் வழியில்லாத நிலையில், அறிந்துகொண்டே அதை ஆக்குவதும் பரிமாறுவதும் கூடாது.

கைபரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். யூதப் பெண்ணொருத்தி பொரித்த ஆட்டை றஸூலுல்லாஹி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பினாள். வேதக்காரரின் அறுப்பு, ஆகுமான இறைச்சி. ஆனாலும் அதில் நஞ்சு கலந்திருப்பது தெரிந்த கணத்தில் நபியவர்கள் கையை எடுத்து, தோழர்களையும் எடுக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே உண்டுவிட்ட பிஷ்ர் இப்னுல் பரா (ரழி) அவர்கள் அதனால் வபாத்தானார்கள். ஹலாலான இறைச்சியாயிற்றே என்று அந்த ஸுப்ராவில் எவரும் வாதாடவில்லை.

ஜப்பானில் நஞ்சு நீக்கப்பட்டதென உறுதியான மீனின் சட்டம் என்ன என்று மத்ரஸா மாணவர்கள் கேட்பதுண்டு. காரணம் நீங்கினால் சட்டமும் நீங்கும் என்பது உஸூல். நல்ல கேள்விதான். ஆனால் அது அந்த நாட்டுக்குப் போகிறவரின் கேள்வி, நமது அடுப்படியின் கேள்வியல்ல. விற்பவர்களுக்கும் ஒரு சொல். பேத்தை என்று தெரிந்தே தோலை உரித்து வேறு பெயரில் விற்பதும், கருவாட்டுச் சிப்பத்தில் கலந்துவிடுவதும் வெறும் மோசடி மட்டுமல்ல. அடுத்தவர் உயிரோடு விளையாடுவது.

யாராவது தின்றுவிட்டால்

உதடு மரக்கிறது என்று ஒருவர் சொன்னவுடன், மற்றவர்கள் உண்பதை நிறுத்த வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தேங்காய்ப்பால், புளித்தண்ணீர், நல்லெண்ணெய் எதுவும் இந்த நஞ்சை முறிக்காது. நாக்கு மரத்தவரின் வாயில் எதையாவது ஊற்றினால் அது சுவாசக் குழாய்க்குள் போய்விடும். வாந்தி வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால், தெரிந்தவர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிக்கொண்டே கொண்டுபோக வேண்டும்.

இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் மெஷின் மூலம் மூச்சுக் கொடுத்து நோயாளியைத் தாங்கிப் பிடித்தால், நஞ்சு தானாகவே உடம்பிலிருந்து வெளியேறிவிடும். முதல் 24 மணித்தியாலங்களைக் கடந்தவர்கள் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். எனவே போகும் நேரத்தில்தான் உயிர் இருக்கிறது. ஒரே சட்டியில் உண்ட எல்லோரும், ஒன்றும் இல்லை என்பவரும்கூட, சேர்ந்தே போக வேண்டும். மிச்ச மீனையோ, வெட்டிப்போட்ட தலையையோ ஒரு பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். டொக்டரிடம் முதல் வார்த்தையாகப் “பேத்தை” என்று சொல்லுங்கள். அந்தச் சொல் தமிழிலும் சிங்களத்திலும் விளங்கும். பயத்திலோ வெட்கத்திலோ, “சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை” என்று மட்டும் சொன்னால் நேரம் வீணாகும்.

பேத்தையை வெட்டிவிட்டீர்களானால் குடலைப் பூனைக்கும் கோழிக்கும் போடாதீர்கள். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

கடலில் அதற்கு ஒரு வேலை

இவ்வளவு சொன்னதால் பேத்தையைக் கண்ட இடத்தில் அடித்துக் கொல்ல வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முட்கிரீடம் போன்ற ஒரு நட்சத்திர மீன் முருகைக்கற்களின் மேல் ஏறி அவற்றின் உயிரைத் தின்று, வெள்ளை எலும்பாக்கிவிட்டுப் போகும். முட்கள் நிறைந்த அந்தப் பிராணியைக் கடித்துத் தின்னக்கூடிய மீன்கள் மிகச் சில. பார்ப் பேத்தைகள் அவற்றில் சேர்ந்தவை. நமது கடலின் முருகைக்கற்கள் 1998இலும் 2016இலும் கடல் சூடானதால் வெளிறிப் பெரும் பாதிப்புக்குள்ளானவை. அந்தப் பார்களை நம்பித்தான் விளை போன்ற மீன்கள் வளர்கின்றன. நம் சட்டிக்கு ஆகாத மீன், நம் சட்டிக்கு வரும் மீன்களின் வீட்டைக் காக்கும் பங்கைக் கடலில் செய்துகொண்டிருக்கிறது.

கரைவலையில் ஒதுக்கப்பட்ட பேத்தையைத் தட்டி ஊதவைத்து, பந்தடிப்பதும் கல்லெறிவதும் கடற்கரைப் பிள்ளைகளின் பழைய விளையாட்டு. உயிருள்ள பிராணியைக் குறிவைத்து விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொல்வதோடு, அதைக் கடலில் விடும் முறையையும் காட்டிக்கொடுங்கள். காற்றை விழுங்கி ஊதிய பேத்தையை அப்படியே எறிந்தால், அது வயிறு மேலாக மிதந்துகொண்டு கீழே போக முடியாமல் தவிக்கும். பெரியவர் ஒருவர், அலகில் விரல் அகப்படாமல், அதைத் தண்ணீருக்குள் தலை மேலாக நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரத்தில் காற்றுக் குமிழி குமிழியாக வெளியேறி, உடம்பு சுருங்கி, அது தானாகக் கையை விட்டு நீந்திப் போய்விடும்.